பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ: பேனலைப் பற்றி மட்டும் ஒரு விமர்சனம்

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட். பழைய கம்ப்யூட்டருக்கு ஏற்ற அதன் இலகுவான வகைதான் எக்ஸ்எஃப்சிஇ. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். எவ்வளவு மெமரி பிடிக்கிறது, எத்தனை நொடியில் திறக்கிறது என்று அட்டவணை போடுகிறார்கள். நான் அதன் பேனலைப் பற்றி மட்டும் எழுதப் போகிறேன். விண்டோஸில் டாஸ்க்பார் என்கிறோமே, திரையின் அடியில் ஓடும் அந்தப் பட்டை. பழைய டெஸ்க்டாப்பில் நாள் முழுக்க வேலை பார்ப்பவருக்குத் திரையில் அதைவிட முக்கியமான இடம் வேறு இல்லை என்பது என் எண்ணம். இந்தப் பேனல் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன். எங்கே குறைபடுகிறது என்பதும் வரும்.

முதலில் என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் நான் எதைப் பாராட்டுகிறேன் என்பது புரியாது. எங்கள் லாரி புக்கிங் ஆபீஸ் திருவொற்றியூரில், எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டி இருக்கிறது. கன்டெய்னர் டிரெய்லர்கள்தான் பெரும்பாலும். துறைமுகத்திலிருந்து பெட்டியை எடுத்து மணலி, மாதவரம் பக்கத்து சிஎஃப்எஸ் எனும் கன்டெய்னர் கிடங்குகளில் சேர்ப்பது, அங்கே சுங்க வேலை முடிந்ததும் ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், பெங்களூரு என்று கம்பெனிக்கு அனுப்புவது, காலிப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவருவது. நான் புக்கிங் மேசையில் இருக்கிறேன். என் முன்னால் எந்த நேரமும் ஏழெட்டு ஜன்னல்கள் திறந்திருக்கும்: ஈ-வே பில் என்ற மின்னணுச் சரக்குச் சீட்டு போடும் தளம், வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டும் ஜிபிஎஸ் பக்கம், வாட்ஸ்அப், எல்ஆர் எனும் லாரி ரசீதுப் பதிவேடு, டிரைவர்களின் பேட்டா கணக்கு, மெயில், அப்புறம் அன்றைக்கு எந்த சிஎஃப்எஸ்ஸோ அதன் பக்கம்.

இதில் ஈ-வே பில்தான் நேரத்தோடு கட்டிப்போடும் வேலை. துறைமுகத்திலிருந்து சிஎஃப்எஸ் வரை சுங்க அனுமதிக்காகப் போகும் சரக்குக்கு அந்த பில் வேண்டாம். அங்கிருந்து கம்பெனிக்குக் கிளம்பும்போது வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு. பெங்களூருக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர், ஆகவே இரண்டு நாள். கெடு நள்ளிரவில் முடியும். வண்டி வழியில் நின்றுவிட்டால் கெடு முடிவதற்கு 8 மணி நேரம் முன்னும் 8 மணி நேரம் பின்னும் மட்டும்தான் நீட்டிக்க முடியும். அதாவது மாலை 4 மணியிலிருந்து மறுநாள் காலை 8 மணி வரை. "யக்கா, ஆம்பூர்ல வண்டி நின்னுடுச்சு, பில்லு இன்னைக்கு நைட்டோட முடியுது, பாத்துக்கோ" என்று போன் வரும். அந்த நேரத்தில் சரியான ஜன்னல் முதல் கிளிக்கிலேயே முன்னால் வர வேண்டும். நான் டாஸ்க்பாரை இவ்வளவு தூரம் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

கம்ப்யூட்டர் பழையது. இன்டெல் மூன்றாம் தலைமுறை ஐ3, 2012 காலத்துச் சிப். 4 ஜிபி மெமரியை 8 ஆக்கி, ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டோம். மானிட்டர் 19 அங்குலச் சதுர வகை, 1280க்கு 1024. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். இந்தப் பெட்டியில் இரண்டும் இல்லை. நன்றாக ஓடும் பெட்டியைத் தூக்கிப் போட ஓனருக்கு மனம் வரவில்லை, எனக்கும்தான். எங்கள் தெரு மாதிரி இடத்தில், ஒரு பக்கம் கடல் உப்பு, மறுபக்கம் டிரெய்லர் கிளப்பும் தூசி. புதுப் பெட்டி வாங்கினாலும் இங்கே வேகமாகத்தான் கிழடாகும். மின்ட் 22 வரிசையைப் போட்டோம். அதற்கு 2029 வரை அப்டேட் உண்டு. 2 ஜிபி மெமரி இருந்தாலே போதும், 4 இருந்தால் வசதி என்கிறார்கள். இந்தப் பெட்டிக்கு அது தாராளம்.

சரி, பேனலுக்கு வருகிறேன்.

பேனலின் மேல் வலது கிளிக் செய்து, பேனல், பிறகு பேனல் பிரிஃபரன்சஸ் என்று போனால் மூன்று தாள்கள் வரும்: டிஸ்ப்ளே, அப்பியரன்ஸ், ஐட்டம்ஸ். முதல் தாளில் இருக்கும் "நம்பர் ஆஃப் ரோஸ்" என்ற ஒரு வரிக்காகவே இந்தப் பேனலைச் சிபாரிசு செய்வேன். வரிசை எண்ணிக்கையை 2 ஆக்கினால் பட்டை இரண்டு மாடியாகிறது. என் மேசையில் ஒரு வரிசையின் உயரம் 26 பிக்சல், இரண்டு வரிசைக்கு 52. சதுர மானிட்டரில் உயரத்துக்குக் குறைவே இல்லை. 1024ல் 52 போனால் போகட்டும். ஜன்னல் பொத்தான்கள் மேலே நான்கு, கீழே நான்கு என்று அமர்கின்றன. ஒவ்வொன்றிலும் தலைப்பைப் படிக்கும் அளவுக்கு அகலம் இருக்கிறது. ஒரே வரிசையில் எட்டுப் பொத்தான்களை நெருக்கினால் எல்லாவற்றிலும் முதல் மூன்று எழுத்துதான் தெரியும். பிரவுசர் ஜன்னல்களில் அந்த மூன்று எழுத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்தது குழு சேர்ப்பது. ஒரே பிரவுசரின் எல்லா ஜன்னல்களையும் ஒரே பொத்தானுக்குள் அடைத்துவிடும் வழக்கம் விண்டோஸ் 7 காலத்திலிருந்தே இயல்பாக இருக்கிறது. அதை அங்கேயும் நிறுத்தலாம். ஆனால் 2021ல் விண்டோஸ் 11 வெளிவந்தபோது அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். பிறகு 2023 கடைசியில் திருப்பிக் கொடுத்தார்கள். எக்ஸ்எஃப்சிஇயில் பேனலின் ஒவ்வொரு பகுதியும் ஒரு ஐட்டம். "விண்டோ பட்டன்ஸ்" என்ற ஐட்டத்தின் அமைப்பில் போய் "விண்டோ குரூப்பிங்" இடத்தில் "நெவர்" என்று வைத்தால் முடிந்தது. அதே இடத்தில் "சார்ட்டிங் ஆர்டர்" என்று ஒன்று இருக்கிறது. அதை "நன், அலவ் டிராக் அண்ட் டிராப்" என்று மாற்றிப் பாருங்கள். எந்தப் பொத்தானையும் பிடித்து இழுத்து நமக்கு வேண்டிய இடத்தில் வைக்கலாம்.

இது பெரிய விஷயம். விண்டோஸ் 10ல் குழு சேர்ப்பதை நிறுத்தினாலும் ஒரே பிரவுசரின் ஜன்னல்கள் பக்கம் பக்கமாகத்தான் நிற்கும். அவற்றுக்குள் வரிசையையும் நாம் மாற்ற முடியாது. அதற்கு 7+ டாஸ்க்பார் ட்வீக்கர் என்று தனியாக ஒரு சின்ன இலவச மென்பொருள் வேண்டும். இங்கே அது தேவையில்லை. என் வரிசை இது: முதலில் ஈ-வே பில், பக்கத்தில் ஜிபிஎஸ், அதற்குப் பக்கத்தில் எல்ஆர் பதிவேடு, பிறகு பேட்டா கணக்கு, கடைசியில் மெயிலும் மற்றவையும். டிக்கெட் கட்டுகளை விலை வாரியாக விரலிடுக்கில் வைத்திருக்கும் பஸ் கண்டக்டர் பார்க்காமலேயே சரியான கட்டில் கை வைப்பார் இல்லையா, அந்த மாதிரி கை பழகிவிடுகிறது. எந்த ஜன்னல் எந்த மென்பொருளுடையது என்று பட்டைக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. எது எதற்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது வேலை செய்கிறவருக்குத்தான் தெரியும்.

இதே அமைப்பில் இரண்டு விஷயங்களைக் கவனிக்கச் சொல்வேன். மவுஸ் சக்கரத்தைப் பொத்தான்களின் மேல் உருட்டினால் ஜன்னல் மாறும் வசதியை நான் நிறுத்திவைத்திருக்கிறேன். பில் போட்டுக்கொண்டிருக்கும்போது கை பட்டு வேறு ஜன்னலுக்குத் தாவினால் எரிச்சல்தான். சக்கரத்தை அழுத்தினால் என்ன ஆக வேண்டும் என்பதற்கும் ஒரு தேர்வு உண்டு. அதில் "குளோஸ் விண்டோ" என்று வைக்காதீர்கள். பாதி நிரப்பிய படிவம் ஒரு அழுத்தலில் போய்விடும்.

மின்ட்டில் "வெப் ஆப்ஸ்" என்று ஒரு கருவி கூடவே வருகிறது. மின்ட் 20.1ல், அதாவது 2021 தொடக்கத்தில் சேர்த்தார்கள். ஒரு இணையதளத்தின் முகவரியைக் கொடுத்து, பெயரும் படமும் கொடுத்தால் அது தனி மென்பொருள் மாதிரி தனி ஜன்னலில், தன் சொந்த ஐகானோடு திறக்கும். ஈ-வே பில், வாட்ஸ்அப், ஜிபிஎஸ் மூன்றையும் இப்படித்தான் வைத்திருக்கிறேன். மெனுவிலிருந்து அவற்றைப் பேனலுக்கு இழுத்துவிட்டால் லாஞ்சர், அதாவது ஒரு கிளிக்கில் திறக்கும் பொத்தான் ஆகிவிடும். ஒரே லாஞ்சருக்குள் பல ஐட்டங்களையும் வைக்கலாம். பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி வரும், அதை அழுத்தினால் பட்டியல் விரியும். 2025 ஜூலையிலிருந்து ஈ-வே பில்லுக்கு இரண்டாவது தளமும் வந்துவிட்டதால், முதல் தளம் மேலேயும் இரண்டாவது தளம் அம்புக்குறிக்குள்ளேயும் இருக்கிறது. சிஎஃப்எஸ் பக்கங்கள் எல்லாம் இன்னொரு லாஞ்சருக்குள் ஒன்றாகக் கிடக்கின்றன. பட்டையில் இடம் மிச்சம்.

"டைரக்டரி மெனு" என்ற ஐட்டத்தையும் சொல்ல வேண்டும். ஒரு ஃபோல்டரைக் காட்டிக் கொடுத்தால் அது பட்டையில் ஒரு பொத்தானாக நிற்கும். அழுத்தினால் உள்ளே இருக்கும் ஃபோல்டர்கள் மெனுவாக விரியும். அதன் அமைப்பில் "ஃபைல் பேட்டர்ன்" கொடுத்தால் ஃபைல்களும் வரும். கையெழுத்தாகி வந்த எல்ஆர் ஸ்கேன்களை வருடம், மாதம், பார்ட்டி பெயர் என்று அடுக்கி வைத்திருப்பதால், போன மாதப் பேப்பரைக் கேட்டு பார்ட்டி போன் செய்தால் ஃபைல் மேனேஜரைத் திறக்காமலேயே எடுத்துவிடுகிறேன். விண்டோஸ் 10 வரை "நியூ டூல்பார்" என்று இதே மாதிரி ஒன்று இருந்தது. 11ல் அது இல்லை.

இப்போது அகலத் திரைக்கு வருவோம். எங்கள் டீசல், டயர் கணக்கு மேசையில் இருப்பது 1366க்கு 768 மானிட்டர். ஊரில் பழைய டெஸ்க்டாப் வைத்திருக்கும் பலரிடம் இருப்பது இந்த அளவுதான். அதில் உயரம்தான் பஞ்சம். பிரவுசரின் டேப் வரி, முகவரி வரி, தளத்தின் தலைப்பு எல்லாம் போனால் வேலைக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அதில் இன்னும் 40 பிக்சலை அடியில் பட்டைக்குக் கொடுப்பது வீண். அங்கே பட்டையை இடது ஓரத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

இங்கேதான் எக்ஸ்எஃப்சிஇ என் மனதைக் கவர்ந்தது. டிஸ்ப்ளே தாளில் "மோட்" என்ற இடத்தில் மூன்று தேர்வுகள் உண்டு: ஹாரிசான்டல், வெர்ட்டிகல், டெஸ்க்பார். வெர்ட்டிகல் என்று வைத்தால் பட்டை நிமிர்ந்து நிற்கும், ஆனால் எழுத்துகளும் திரும்பிப் படுத்துவிடும். கழுத்தைச் சாய்த்துப் படிக்க வேண்டும். பலர் இதைப் பார்த்துவிட்டுப் பக்கவாட்டுப் பட்டையே வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். டெஸ்க்பார் என்று வையுங்கள். பட்டை நிமிர்ந்தே நிற்கும், எழுத்து மட்டும் நாம் படிக்கும் திசையில் நேராக வரும். வரிசை உயரம் 28, வரிசை எண்ணிக்கை 5 என்று அந்த மேசையில் வைத்திருக்கிறோம். பட்டையின் அகலம் 140 பிக்சல். ஜன்னல் பொத்தான்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக, தலைப்போடு, பட்டியல் மாதிரி நிற்கின்றன. பத்து ஜன்னல் திறந்தாலும் எந்தத் தலைப்பும் சுருங்குவதில்லை. லாஞ்சர்கள் அந்த அகலத்துக்குள் ஐந்தைந்தாக அமர்ந்துகொள்கின்றன. பட்டையை இடம் மாற்றும் முன் "லாக் பேனல்" என்ற டிக்கை எடுக்க வேண்டும். எடுத்ததும் ஓரத்தில் பிடி தெரியும், அதைப் பிடித்து இழுக்கலாம். வைத்த பிறகு மறக்காமல் மறுபடி பூட்டிவிடுங்கள்.

சதுர மானிட்டரில் இதைச் செய்ய வேண்டாம். 1280 அகலத்தில் 140 போனால் அரசுத் தளங்களின் பட்டியல்களில் கடைசிப் பத்தி திரைக்கு வெளியே போய், பக்கவாட்டில் உருட்ட வேண்டியிருக்கும். சதுரத்துக்கு அடியில் இரண்டு வரிசை, அகலத்துக்கு இடது ஓரத்தில் டெஸ்க்பார். இதுதான் என் தீர்மானமான கருத்து.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு "கீபோர்ட் லேஅவுட்ஸ்" என்ற ஐட்டம் அவசியம். நான் தமிழ்99 பழகியவள். டிரைவர் பெயர், இறக்கும் இடத்துக் குறிப்பு, யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் என்பதையெல்லாம் தமிழில்தான் எழுதுவேன். ஈ-வே பில்லில் வண்டி எண் ஆங்கிலத்தில் போக வேண்டும். டிஎன் 18 என்று அடிக்கப் போய் தமிழ் எழுத்து விழுந்தால் அழித்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். இந்த ஐட்டத்தின் அமைப்பில் விசைப்பலகையை எல்லாவற்றுக்கும் பொதுவாகவோ, ஜன்னலுக்கு ஒன்றாகவோ, மென்பொருளுக்கு ஒன்றாகவோ வைக்கலாம் என்று ஒரு தேர்வு இருக்கிறது. மென்பொருளுக்கு ஒன்று என்று வைத்தேன். கணக்குத் தாளுக்குப் போனால் தமிழ், பிரவுசருக்கு வந்தால் ஆங்கிலம். பேனலில் கொடியோ எழுத்தோ மாறுவதைப் பார்த்தாலே எது நடப்பில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். தமிழும் ஆங்கிலமும் கலந்து வேலை செய்யும் எந்த ஆபீசுக்கும் இது ஒன்றே பேனலை மாற்றப் போதுமான காரணம்.

கடிகாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேதியும் நேரமும் இரண்டு வரியாக, வேண்டிய எழுத்துருவில், வேண்டிய அளவில் வரும். இரண்டு வரிசைப் பேனலில் அது முழு உயரத்தையும் எடுத்துக்கொள்வதால் நன்றாகப் பெரிதாகவே தெரிகிறது. மாலை 4 மணியைத் தவறவிடாமல் இருக்க எனக்கு அது போதும்.

நெட்வொர்க் மானிட்டர் என்று இன்னொரு ஐட்டம், இணையப் போக்குவரத்தைச் சின்னக் கோடுகளாகக் காட்டும். தளம் திறக்காவிட்டால் கோளாறு நம் லைனிலா, அந்தப் பக்கத்திலா என்று அதைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். வானிலை ஐட்டமும் உண்டு. நார்வே நாட்டு வானிலை நிறுவனத்தின் தகவலை எடுத்துக் காட்டுகிறது. காற்றும் மழையும் ஓரளவு தெரியும். கார்த்திகை மாதத்தில் எங்களுக்கு அது போதாது. எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பதைத்தான் எல்லோரும் கேட்பார்கள். அதற்கு நம் வானிலை மையத்தின் அறிவிப்புதான் கணக்கு. ஆகவே அந்த ஐட்டத்தை எடுத்துவிட்டேன்.

இனி நான் முக்கியமாக நினைக்கும் விஷயம். இதே கம்ப்யூட்டரில் இரவு வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். துறைமுகத்தில் சரக்கை எண்ணிச் சரிபார்க்கும் டேலி கிளார்க்காக இருந்தவர். கெடு நீட்டிக்கும் வேலை பெரும்பாலும் இரவில்தான் விழும் என்பதால் அவர் கண்ணுக்கும் இந்தப் பட்டை பிடிபட வேண்டும். கண்புரை அறுவை ஒரு கண்ணில் முடிந்து மறு கண்ணுக்குக் காத்திருக்கிறார். பேனலின் அமைப்பு ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாக அவரவர் ஹோம் ஃபோல்டரில் சேமிக்கப்படுகிறது. ஆகவே அவருக்கென்று தனி யூசர் திறந்து, தனி பேனல் வைத்தோம். வரிசை ஒன்றுதான், உயரம் 64. லாஞ்சர் நான்கே நான்கு: ஈ-வே பில், ஜிபிஎஸ், வாட்ஸ்அப், எல்ஆர் பதிவேடு. மற்ற எல்லாவற்றையும் நீக்கினோம். அப்பியரன்ஸ் தாளில் பின்னணியை அழுத்தமான கருநீலம் ஆக்கி, கடிகாரத்துக்குத் தடித்த எழுத்துரு கொடுத்தோம். பொத்தான்களின் எழுத்து அளவைப் பேனல் அமைப்பில் மாற்ற முடியாது. அதற்கு செட்டிங்ஸில் அப்பியரன்ஸ், ஃபான்ட்ஸ் என்று போய் டிபிஐ எண்ணை உயர்த்த வேண்டும். 96 இருந்ததை 120 ஆக்கினோம். முதல் நாள் பார்த்துவிட்டு, "இப்ப கண்ணாடிய கழட்டிட்டே படிக்கலாம்மா" என்றார். நான் காலையில் என் யூசரில் நுழைந்தால் என் இரண்டு வரிசைப் பட்டை அப்படியே இருக்கிறது. அவருடையதை நானோ என்னுடையதை அவரோ தொடுவதில்லை.

இவ்வளவு செய்த பிறகு அதைப் பத்திரப்படுத்த வேண்டாமா? பேனல் பிரிஃபரன்சஸிலேயே "பேக்அப் அண்ட் ரீஸ்டோர்" என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் "பேனல் ப்ரொஃபைல்ஸ்" திறக்கும். நடப்பு அமைப்புக்கு ஒரு பெயர் கொடுத்துச் சேமிக்கலாம். ஒரே கோப்பாக வெளியே எடுத்து பென் டிரைவில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் ஏற்றலாம். விண்டோஸ் டாஸ்க்பார் மாதிரித் தோற்றம் தரும் "ரெட்மண்ட்" என்ற தயார் அமைப்பும் அந்தப் பட்டியலில் கிடைக்கும். புதிதாக மாறுகிறவர்கள் அதிலிருந்து தொடங்கினால் பயம் இருக்காது. பேனல் எப்போதாவது திரையிலிருந்து காணாமல் போனால் கலங்க வேண்டாம். ஆல்ட்டையும் எஃப்2வையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் எக்ஸ்எஃப்சிஇ4-பேனல் என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில், நடுவில் கோடு போட்டு அடித்து என்டர் தட்டினால் திரும்பி வந்துவிடும்.

குறைகளுக்கு வருகிறேன். பொத்தானின் மேல் மவுஸை வைத்தால் ஜன்னலின் சின்னப் படம் விண்டோஸில் வருமே, அது இங்கே வராது. தலைப்பை மட்டும் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஐகானில் வலது கிளிக் செய்தால் சமீபத்தில் திறந்த ஃபைல்களின் பட்டியல் வருவதும் இல்லை. இந்த இரண்டையும் விண்டோஸ் 7 தன் டாஸ்க்பாரில் 2009லேயே கொடுத்துவிட்டது. விண்டோஸ் சாவியோடு 1, 2, 3 என்று எண்ணை அழுத்தி லாஞ்சரைத் திறக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும் ஏமாற்றம்தான். கீபோர்ட் செட்டிங்ஸில் ஒவ்வொன்றுக்கும் தனியாகக் குறுக்கு விசை அமைக்க வேண்டும், செய்யலாம், ஆனால் பொறுமை வேண்டும். ஓரத்தில் இருக்கும் ஸ்டேட்டஸ் ட்ரே ஐகான்கள் சில பெரிதும் சில சிறிதுமாகத் தெரியும். அதன் அமைப்பில் ஐகான் அளவை ஒரு எண்ணாக வைத்தால் பெரும்பாலும் ஒழுங்காகிறது.

இன்னொரு குறை, அமைப்புகள் சிதறிக் கிடப்பது. பட்டையின் உயரம் ஒரு இடத்தில், ஜன்னல் பொத்தான்களின் குணம் அந்த ஐட்டத்தின் உள்ளே, எழுத்தளவு மூன்றாவது இடத்தில். புதிதாக வருபவர் தேடித் தேடித்தான் பிடிக்க வேண்டும். இதை ஒரே தாளில் கொண்டுவந்தால் எத்தனையோ பேர் பயமில்லாமல் கை வைப்பார்கள். இவ்வளவு நல்ல பேனலில் பாதி வசதி கண்ணில் படாமலே கிடப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

விண்டோஸ் 10 டாஸ்க்பாரை விட்டுவர முடியாதவர்களும் இருக்கிறார்கள். அதைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். பூட்டை எடுத்துவிட்டு நான்கு ஓரத்தில் எங்கே வேண்டுமானாலும் இழுத்து வைக்கலாம். இடது ஓரத்தில் வைத்தாலும் எழுத்து நேராகவே வரும். சின்னப் பொத்தான்கள், குழு சேர்க்காமை, ஃபோல்டர் டூல்பார் எல்லாம் உண்டு. தேடல் பெட்டியையும் செய்திப் பெட்டியையும் மறைத்துவிட்டால் பட்டையில் நிறைய இடம் கிடைக்கும். அதை மட்டுமாவது செய்யுங்கள். பழைய கம்ப்யூட்டரில் வித்தியாசம் தெரியும். பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது என்பதுதான் பிரச்சினை. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு கொடுத்திருக்கிறார்கள். ஜிஎஸ்டி கடவுச்சொல்லும் ஓடிபியும் புழங்கும் கம்ப்யூட்டரில் அதற்கு மேல் ஓட்டச் சொல்லமாட்டேன்.

யாருக்கு இது சரி வரும்? வேலையில் பெரும்பகுதி பிரவுசரிலும் கணக்குத் தாளிலும் இருப்பவர்களுக்கு. புக்கிங் ஆபீஸ், ஜெராக்ஸ் கடை, கூரியர் கவுன்ட்டர், காசிமேட்டில் ஐஸ் கணக்கு எழுதுகிறவர்கள், வீட்டில் பிள்ளைகளுக்குப் பழைய டெஸ்க்டாப்பைக் கொடுக்க நினைப்பவர்கள். மாற்றும் முன் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். அப்போதே பேனலில் இரண்டு வரிசை, டெஸ்க்பார் இரண்டையும் வைத்துப் பாருங்கள். உங்கள் மானிட்டருக்கு எது பொருந்தும் என்று தெரிந்துவிடும். பிரிண்டரையும் அப்போதே செருகிச் சோதித்துவிடுங்கள்.

டாலியில் கணக்கு எழுதுபவர்கள் மாற வேண்டாம். அது விண்டோஸில்தான் ஓடும். எங்கள் ஆபீசிலும் டாலி இருக்கும் மேசையை இன்னும் தொடவில்லை. அந்தக் கம்ப்யூட்டரில் இணையத்தைத் துண்டித்து வெறும் கணக்குக்கு மட்டும் வைத்துக்கொள்வதா, புதிதாக ஒன்று வாங்குவதா என்று ஓனரும் ஆடிட்டரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மற்ற இரண்டு மேசைகளிலும் மின்ட்தான்.